தாழ்ந்த பக்கத்துத் தொட்டி

போனைக் கொடுத்துவிட்டு வந்திருக்கக் கூடாது. கொடுக்காமல் வரவும் முடியாது. தேர்வுக் கூடத்துக்குள் மேற்பார்வையாளர் போன் வைத்திருக்கக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. இந்தக் கல்லூரியில் அந்த விதியை எல்லோரையும்விடக் கறாராகப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். போன வருஷம் கைப்பைக்குள் போனோடு வந்த புது லெக்சரரை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன், அவர் மனைவி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது, தெரிந்த பிறகும் விதி விதிதானே என்றேன். இப்போது என் போன் முதல்வர் அறையில் ஒரு பிளாஸ்டிக் தட்டில், மற்றவர்களுடைய போன்களோடு, குப்புறக் கிடக்கிறது. அணைத்து வைக்கவில்லை. என் கணவர் ஞானதாஸிடமிருந்து அழைப்பு வந்தால் எடுத்துக்கொண்டு ஓடி வருவதாக அட்டெண்டர் சுயம்பு அண்ணன் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு கால் சரியில்லை. ஒரு செருப்பு தரையைத் தட்டும், மற்றது தேய்த்துக்கொண்டு வரும். ஓடி வாரேன் மேடம், நீங்க தைரியமா போங்க என்று அவர் சொன்னபோது அந்தக் காலைத்தான் பார்த்தேன், அதற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது. காதை வராந்தாவில் விட்டுவிட்டு உடம்பை மட்டும் இங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். வர வேண்டாம், வேறு யாரையாவது போட்டுக்கொள்கிறேன் என்று முதல்வர் சொல்லத்தான் செய்தார். வீட்டில் இருந்து என்ன செய்வது. வீட்டில் ஞானதாஸ் போனுக்கு முன்னால் ஜெபம் செய்வதுபோல் உட்கார்ந்திருக்கிறார், ஜெபம் செய்யவில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். மகள் எமீமா வேலை பார்க்கிற கப்பலோடு நேற்று மாலையிலிருந்து தொடர்பு இல்லை என்று கம்பெனியிலிருந்து விடியும்போது அழைத்தார்கள். தொடர்பு இல்லை, அவ்வளவுதான், இது சகஜம், ஆன்டெனா பழுதாகியிருக்கலாம், கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகவா ஒருவர் மும்பையிலிருந்து விடியும்போது கூப்பிடுவார்.

வெள்ளைச் சட்டைகள். தோளில் கறுப்புப் பட்டை, ஒட்ட வெட்டிய தலைகள், எல்லாப் பிடரியும் ஒன்றுபோல் இருக்கிறது. கடல்சார் பொறியியல் மூன்றாம் ஆண்டு, கப்பலின் நிலைத்தன்மை, நான் நடத்துகிற பாடம். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வெயிலில் கண்ணைக் குத்துகிறது, அதற்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அதற்கும் அப்பால் துறைமுகத்தின் கிரேன்கள். கடல் இங்கிருந்து தெரியாது. வாசனை மட்டும் வரும். நான் கடலில் போனதே இல்லை. கொச்சியில் கப்பல் கட்டும் படிப்புப் படித்தேன், வகுப்பில் பெண்கள் இரண்டு பேர், மற்றவள் பாதியில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பயிற்சிக்காக உலர்துறைக்குள் அழைத்துப் போனார்கள். தண்ணீர் இல்லாத பள்ளத்தில் மரக்கட்டைகளின் மேல் ஒரு முழுக் கப்பல் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் குனிந்து நடந்தேன், சிப்பி ஒட்டிய இரும்பு தலைக்கு ஒரு முழம் மேலே, சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதுதான் நான் கப்பலோடு மிக நெருங்கிய சமயம். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் கப்பல்களைச் சாய்த்துக்கொண்டிருக்கிறேன். என் கப்பல்கள் எல்லாம் குறுக்கே வெட்டப்பட்டவை, ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு புள்ளி, அதற்கு மேல் ஒரு புள்ளி. கீழ்ப்புள்ளி பாரத்தினுடையது. மேல்புள்ளிக்குக் கீழே அது இருக்கிறவரை கப்பல் எவ்வளவு சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். பாரம் மேலே ஏறி இரண்டு புள்ளியும் நெருங்க நெருங்க நிமிர்கிற பலம் குறையும். இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் வீடு கட்டினோம், எமீமாவைப் படிக்க வைத்தோம், இதையே அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் என் வகுப்பில் உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவளாகத்தான் இந்தப் படிப்பு என்றாள். கண் பரிசோதனைக்குப் போய்வந்த அன்று ஆறுக்கு ஆறு, கலரெல்லாம் கரெக்டு என்று வாசலில் இருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். விடுதியில் விடியற்காலை அணிவகுப்பு, பட்டறையில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவிச் சதுரமாக்கும் வேலை, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், அதை என்னிடம் காட்டாமல் மடக்கி மடக்கி வைத்துக்கொள்வாள். வகுப்பில் என்னை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் அதைத் தனக்கேற்ற மாதிரி வளைத்துக்கொண்டாள். வீட்டிலும் பாடத்தில் சந்தேகம் வந்தால் மேடம்தான். சமையலறைக்குள் வந்து நின்று, மேடம் ஒரு சந்தேகம் என்பாள், நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும், சொல்லி முடித்ததும் சரிம்மா, பசிக்குது என்பாள். ஞானதாஸுக்கு இது பெரிய வேடிக்கை. வீட்டுக்குள்ள ரெண்டு பொம்பளன்னு நெனச்சேன், நாலு பேரு இருக்கீங்க என்பார். நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. விறைப்பான கப்பல் வாந்தி எடுக்க வைக்கும், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும், தாலாட்டுகிற கப்பலை நம்பாதீர்கள். பையன்கள் சிரிப்பார்கள். எமீமா இதை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். தாலாட்டுகிற கப்பல். அன்றைக்கு அடுத்ததாகக் கரும்பலகையில் ஒரு படம் போட்டேன், ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்ட கப்பல். நிமிர்கிற பலம் தீர்ந்துபோனால் கப்பல் உடனே கவிழ்ந்துவிடாது, ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அடியில் இரண்டு பக்கமும் தொட்டிகள் இருக்கின்றன, கடல்நீரை நிரப்பலாம், எந்தப் பக்கத்தை முதலில் நிரப்புவீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் உயர்ந்த பக்கத்தை என்றார்கள். எல்லா வருஷமும் அப்படித்தான் சொல்வார்கள். தராசைச் சமமாக்குகிற புத்தி. உயர்ந்த பக்கம் நிரப்பினால் கப்பல் அந்தப் பக்கம் புரண்டு விழும், விழுகிற வேகத்தில் போயே போய்விடும், தாழ்ந்த பக்கத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும் என்றேன். எமீமா எழுந்து நின்றாள். விழுந்துக்கிட்டிருக்கிற பக்கமே இன்னும் எடை வைப்பீங்களா மேடம், அது நியாயமா. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நியாயம் இல்லை, கணக்கு என்றேன். அவள் உட்கார்ந்தாள். ஒத்துக்கொண்டு உட்கார்ந்தாளா, மற்றவர்கள் சிரித்ததால் உட்கார்ந்தாளா. அது தெரியவில்லை. அந்த வருஷத் தேர்வில் அதே கேள்வி வந்தது. மகளின் விடைத்தாளைத் தாய் திருத்தக் கூடாது, அந்தப் பாடத்தின் தாள்கள் எல்லாம் வேறு கல்லூரிக்குப் போயின. சாயந்திரம் என்ன எழுதினாய் என்று கேட்டேன். எழுதி முடிச்ச பேப்பரைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொல்லிருக்கீங்க என்று கண்ணைச் சிமிட்டினாள். நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஒரு கேள்வியைத் தப்பாக எழுதிவிட்டும் அந்த மதிப்பெண் வாங்கலாம்.

தட்டும் தேய்ப்பும். வராந்தாவில். தட்டும் தேய்ப்பும். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இது ஓட்டம் இல்லை, நடைதான், நல்ல செய்தி என்றால் ஓடி வந்திருப்பார், கெட்ட செய்தி என்றால் ஓடியிருக்க மாட்டார், கெட்ட செய்தியை யாரும் ஓடிக் கொண்டுவர மாட்டார்கள், நடந்து நடந்து, வாசலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை நின்று. நின்றார். பிறகு கதவருகே அவர் முகம். தலையை வேகமாக ஆட்டினார், இல்லை, இல்லை, அது இல்லை, அவரே பயந்துபோய் என்னைச் சமாதானப்படுத்துகிறார். கையில் ஒரு சீட்டு. வினாத்தாளில் ஒரு எண் தப்பாக அச்சாகியிருக்கிறதாம், எல்லா அறையிலும் வாசித்துத் திருத்தச் சொல்லி முதல்வர் அனுப்பியிருக்கிறார். உங்க போன் சும்மாதான் கெடக்கு மேடம், பக்கத்துலயே இருக்கேன் என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். எல்லோரும் கவனியுங்கள் என்றேன், என் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, பிடரிகள் எல்லாம் முகங்களாகின. இரண்டாவது கேள்வி. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு கப்பல் ஒரு முறை ஆடி நிமிர எடுக்கும் நேரம் பதினைந்து நொடி, சில நாள் பயணத்துக்குப் பின் அதே ஆட்டத்துக்கு இருபத்தைந்து நொடி, இருபது என்று அச்சாகியிருக்கிறது, இருபத்தைந்து என்று திருத்திக்கொள்ளுங்கள். இருபத்தைந்து. இந்த மாறுதல் கப்பலின் நிலைத்தன்மையைப் பற்றி என்ன சொல்கிறது. அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. மேடம் இன்னொரு தடவை என்று பின்வரிசையில் யாரோ கேட்டான். வாசித்தேனா, கரும்பலகையில் எழுதிப்போட்டேனா, நினைவில்லை. கரும்பலகையில் இருபத்தைந்து என்று இப்போது இருக்கிறது. என் கையெழுத்துதான்.

போன ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து சேலையை மாற்றி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் பக்கத்துத் தெரு ரூத் அக்கா, பொம்பளப் பிள்ளையக் கப்பலுக்கு அனுப்பிட்டு உனக்கு உறக்கம் வருதா டீச்சரே என்று கேட்டிருந்தாள், சிரித்துக்கொண்டே கேட்டாள், எனக்கு அது உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. வாட்ஸ்ஆப்பில் எமீமாவின் குரல் வந்தது. கை முழுக்கச் செதில், மணிக்கட்டால் அழுத்தி அடுப்புத் திட்டிலேயே வைத்துக் கேட்டேன். மேடம், ஒரு சந்தேகம். கப்பல் ரொம்ப மெதுவா ஆடுது. கெளம்புன புதுசுல பதினஞ்சு எண்ணுறதுக்குள்ள ஒரு ஆட்டம் முடிஞ்சிரும். இப்ப படுத்துக்கிட்டு எண்ணுனா இருபத்தஞ்சு வருது. ஒரு பக்கம் போயி, அங்கனயே கொஞ்சம் யோசிச்சிட்டுத் திரும்புது. இங்க எல்லாரும் சுகமா தூங்குதாங்க. செகண்ட் இன்ஜினியர் நல்ல கப்பல்ங்காரு. நீங்க என்ன சொல்லுதீங்க. இதுதான், ஒரு வார்த்தை விடாமல் இதுதான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது இரண்டே இரண்டு, மெதுவாக ஆடுகிறது, சுகமாகத் தூங்குகிறார்கள். முதல் மாதம் பூராவும் வாந்தி, சாப்பிட முடியவில்லை, உருளைக்கிழங்கைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். உறக்கம் வருகிறது ரூத் அக்கா, எனக்கும் வருகிறது, என் பிள்ளைக்கும் வருகிறது. மணிக்கட்டாலேயே அமுக்கிப் பதில் பேசினேன். நல்லா தூங்கு எமி, ஸ்வெட்டரப் போட்டுக்கோ, வஞ்சிரம் வாங்கியிருக்கு, நீ இல்லாம யாரு திங்க. மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அந்த வார்த்தையை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுத்தில் வந்தது, சரிம்மா. அவ்வளவுதான். சரிம்மா. கேட்டது மேடத்திடம், பதில் அம்மாவிடமிருந்து, அவளும் அம்மாவுக்கே முடித்துக்கொண்டாள். ஒருவேளை இரண்டு பேரும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பாள். மேடமே தூங்கச் சொல்கிறாள், பிறகென்ன. அந்தக் கப்பலில் சந்தேகப்பட்டது அவள் ஒருத்தி, அவளையும் நான் தூங்க வைத்துவிட்டேன்.

மரம். நியூசிலாந்திலிருந்து மரத்தடி ஏற்றி வருகிறது என்று சொல்லியிருந்தாள், சரக்கு அறைகள் நிறைந்து மேல்தளத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், நடக்க வழியில்லை மேடம், மரத்து மேலதான் ஏறிப் போறோம் என்று படம்கூட அனுப்பினாள், ஆரஞ்சு நிற உடுப்பில் மரத்தடி மேல் நின்று இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு. அதையும் நான் எல்லோருக்கும் காட்டினேன். மேல்தளத்து மரம் மழையையும் அலையையும் குடித்து நாளுக்கு நாள் கனக்கும். அடித்தொட்டி எண்ணெய் எரிந்து எரிந்து அடி இலேசாகும். மேலே கனம், கீழே காலி. பாதி நிறைந்த தொட்டிக்குள் எண்ணெய் சாய்கிற பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, இரண்டு வகுப்பு எடுக்கிறேன், தட்டில் தண்ணீர் ஊற்றி நடந்து காட்டுகிறேன். இன்னொன்று. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். டம்ளரோ எதுவோ, உருண்டு போய் எதிலோ முட்டியது. எதையோ தட்டிவிட்டிருக்கிறாள், இங்கே மாதிரியே அங்கேயும் என்று நினைத்துக்கொண்டேன். உருண்டு போய் முட்டியது, பிறகு அவள் பேசி முடிக்கிறவரை திரும்பி உருளவில்லை. ஆடுகிற கப்பலில் டம்ளர் போனால் வர வேண்டும். வந்ததா, குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையா. மறுபடி கேட்க வேண்டும், போன் தட்டில் கிடக்கிறது. வராமல் இருந்தால் அன்றைக்கே கப்பல் தோளைச் சாய்த்துவிட்டது. அன்றைக்கே என்றால் இன்றைக்கு. இல்லை, கேப்டன் இருக்கிறார், சீஃப் ஆபீசர் இருக்கிறார், எத்தனை வருஷம் கடலில் இருந்தவர்கள், உலர்துறைக்கு மேல் எதையும் பார்க்காத நானா அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்களும் ஏதோ ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் உயர்ந்த பக்கம் என்று கத்தியவர்கள்தானே. ஆன்டெனா பழுதாகியிருக்கும். ஆன்டெனா எதனால் பழுதாகும். எழுந்து நட, ஹெப்சிபா. வரிசைகளுக்கு நடுவில் நட.

நடந்தேன். மின்விசிறி காகிதங்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. ஒரு பையன் காலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறான், அவன் பெஞ்சு முழுக்க நடுங்குகிறது, குறுகிய ஆட்டம், விறைப்பான கப்பல், இவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வான். அடுத்த வரிசையில் பேச்சிமுத்து, கடையநல்லூர்ப் பக்கம், வகுப்பில் வாயே திறக்காதவன், ஆனால் படம் அழகாகப் போடுவான். சாய்ந்த கப்பல் போட்டிருந்தான். அடிக்கோடு, நீர்க்கோடு, இரண்டு பக்கமும் தொட்டிகள், பென்சிலை லேசாகச் சரித்து நிழல்கூட. ஐந்தாவது கேள்வி, நிமிராமல் சாய்ந்து நின்றுவிட்ட கப்பலில் எந்தத் தொட்டியை முதலில் நிரப்புவாய். அவன் பென்சில் உயர்ந்த பக்கத்துத் தொட்டிக்குள் கோடு கோடாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தது. அவன் பின்னால் நின்றேன். போய்விட வேண்டும். அவன் தப்பு, அவன் மதிப்பெண், எனக்கு இங்கே கண் மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. கோடுகள் ஏறிக்கொண்டே இருந்தன. பாதித் தொட்டி. பாதிக்கு மேல். அந்தத் தொட்டி நிறைந்தால் கப்பல் புரளும். நிறைவதற்குள், அதற்குள். என் கை போய்விட்டது. விரலைத் தாழ்ந்த பக்கத்துத் தொட்டியின் மேல் வைத்தேன். வைத்து அழுத்தினேன், நகம் வெளுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்யாதது, வேறு யாராவது செய்திருந்தால் நானே புகார் எழுதிக் கொடுத்திருப்பேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். விரலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். மேடம், என்றான், மெதுவாக, கேள்வியாக. நான் என்ன கொடுத்திருப்பேன், அந்தக் குரல் அவன் குரலாக இல்லாமல் இருப்பதற்கு. அவன் பயந்துபோய் ரப்பரை எடுத்து அழித்தான், அழித்த தூளை ஊதாமல் கையாலேயே ஓரமாகத் தள்ளினான். நான் ஜன்னலுக்குப் போய்விட்டேன். உப்பளத்தில் ஒரு பெண் தலையில் கூடையோடு வரப்பு மேல் போய்க்கொண்டிருந்தாள், ஒரு பக்கமும் சாயாமல்.

மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கினேன், எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன், நூலை இரண்டு முடிச்சு. சுயம்பு அண்ணன் வராந்தாவில் பாதி வழியிலேயே எதிரே வந்தார், ஓடித்தான் வந்தார், போனைத் தாம்பூலத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. இப்பத்தான் அடிச்சுது மேடம், அடிச்சுக்கிட்டே இருக்கு. ஞானதாஸ்தான். சொல்லுங்க என்றேன்.

"அந்த வழியா போன ஒரு கப்பல் பாத்திருக்காம். தண்ணியில மரம் மெதக்குதாம் ஹெப்சி. கண்ணுக்கெட்டுன தூரம் மரமா மெதக்குதாம்."

"கப்பல்?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. மரத்த மட்டும்தான் சொல்லுதாங்க."

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். மரம் போய்விட்டது என்றால் மேல்பாரம் போய்விட்டது, மேல்பாரம் போனால் புள்ளி கீழே இறங்கும், கப்பல் நிமிர்ந்திருக்கலாம், சங்கிலியை அவர்களே அவிழ்த்துவிட்டிருக்கலாம், அப்படியும் செய்வார்கள், பாடத்தில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, கப்பல் புரண்டு போனாலும் மரம் இப்படியேதான் மிதக்கும். அதைச் சொல்லவில்லை. வாரேன், வச்சிருங்க என்றேன். முதல்வர் அறை வாசலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரும் வராத இடத்துக்குப் போனேன். வாட்ஸ்ஆப்பைத் திறந்தேன். சரிம்மா என்பதுதான் கடைசி. அதற்கு மேலே என் குரல், வஞ்சிரம் வாங்கியது. அதற்கு மேலே அவள் குரல். அதைக் கேட்கவில்லை. டம்ளர் திரும்பி உருண்டதா என்று எனக்கு இனித் தெரிய வேண்டாம். கைப்பையைத் தரையில் வைத்தேன். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டேன், வகுப்புக்குள் நுழைகிறபோது செய்வதுபோல. குரலைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அழுத்தினேன்.

"எமீமா, மேடம் பேசுறேன். உன் சந்தேகம் சரியான சந்தேகம். கப்பல் தாலாட்டுது, நம்பாத. சீஃப் ஆபீசரை எழுப்பிச் சொல்லு, வையிவாருன்னு பயப்படாத. பாதி நிறைஞ்ச தொட்டியா எதையும் விட்டு வைக்கக் கூடாது. அடித்தொட்டிய ஒவ்வொண்ணா நிரப்பணும், மொதல்ல தாழ்ந்த பக்கம். கேக்குதா, தாழ்ந்த பக்கம். நிரப்ப ஆரம்பிச்சதும் இன்னும் கொஞ்சம் சாயும். சாயத்தான் செய்யும். அப்ப யாரும் பயந்துபோயி நிறுத்திரக் கூடாது. பொறுத்துக்கிடணும். அதுக்கப்புறந்தான் நிமிரும்."

விரலை எடுத்தேன். போய்விட்டது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் இன்னொன்று விழும். சுயம்பு அண்ணனின் செருப்பு எங்கோ தட்டித் தேய்ந்து நின்றது, பக்கத்தில் வரவில்லை. நான் இரண்டாவது டிக்குக்காக எண்ணத் தொடங்கினேன். பதினைந்து தாண்டியது. இருபத்தைந்து வந்தது. அதற்குப் பிறகும் எண்ணிக்கொண்டிருந்தேன்.